ஓர் அலுவலகத்தின் கணினி வலையமைப்பு: சுவிட்ச் எங்கே, ரவுட்டர் எங்கே?

2002ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் கணினிகள் மெதுவாகத் தொடங்கின. பிறகு வேலை அடியோடு நின்றது. கணினிகள் பழுதாகவில்லை. வெளியிலிருந்து யாரும் ஊடுருவவும் இல்லை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் உள் வலையமைப்புதான் திணறிப் போனது. ஏறக்குறைய நான்கு நாள்களுக்கு அந்தப் பெரிய மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மருந்துச் சீட்டுகள் கையால் எழுதப்பட்டன. பரிசோதனை முடிவுகளை ஆள்கள் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு மாடி ஓடினார்கள்.

எங்கோ அமெரிக்காவில், அதுவும் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்த கதைதானே என்று கிள்ளானிலோ ஈப்போவிலோ கடைவீட்டில் அலுவலகம் நடத்தும் ஒருவர் நினைக்கலாம். ஆனால் அதே வகைப் பழுது பத்துக் கணினிகள் மட்டுமே உள்ள இடத்திலும் வரும். இன்று கணக்குப் புத்தகம், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் கோப்பு, கண்காணிப்புக் கேமரா எல்லாமே அந்த வலையமைப்பின் மேல்தான் ஓடுகின்றன. மலேசியாவில் 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களுக்கு மின்-விலைப்பட்டியல் முறை கட்டாயமானது. இனி கம்பி நின்றால் வியாபாரமும் நிற்கும் என்பது வெறும் பேச்சன்று.

அப்படியிருந்தும் பல இடங்களில் வலையமைப்பு திட்டமிடப்படுவதே இல்லை. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் ஒரு கம்பி, இடம் போதாவிட்டால் கடையிலிருந்து ஒரு சிறிய சுவிட்ச், சமிக்ஞை எட்டாவிட்டால் இன்னொரு வைஃபை ரவுட்டர் என்று அது தானாக வளர்கிறது. பாஸ்டன் மருத்துவமனையின் வலையமைப்பும் இப்படித்தான் துண்டு துண்டாக வளர்ந்திருந்தது.

சுவிட்சின் வேலை என்ன?

ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் இணைக்கும் அமைப்பை உள்ளக வலையமைப்பு என்பார்கள். சுருக்கமாக லான். இதற்கு அடிப்படையான ஈதர்நெட் முறை 1973இல் அமெரிக்காவின் ஸீராக்ஸ் நிறுவன ஆய்வகத்தில் பிறந்தது. இராபர்ட் மெட்காஃப் என்பவரும் டேவிட் போக்ஸ் என்பவரும் அதை உருவாக்கினர்.

சுவிட்சை ஒரு தாமானின் காவலருக்கு ஒப்பிடலாம். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். தாமானுக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் பொருளை அவரே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ரவுட்டர் என்பது தாமான் வாசலில் உள்ள அஞ்சலகம். வெளியூர் முகவரி உள்ள கடிதம் அதன் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண் பதிக்கப்படுகிறது. மேக் முகவரி என்பது அதுதான். ஒரு துறையின் வழியாகத் தரவு உள்ளே வரும்போது, அனுப்பியவரின் மேக் முகவரியைச் சுவிட்ச் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்த முகவரிக்குத் தரவு வந்தால், குறித்து வைத்த துறைக்கு மட்டும் அனுப்புகிறது. மற்றவர்களுக்கு அந்த இரைச்சல் இல்லை.

பெறுபவர் எந்தத் துறையில் இருக்கிறார் என்று தெரியாவிட்டால் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பும். எல்லாருக்குமான பொது அறிவிப்பையும் அப்படியே அனுப்பும். 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று புதிய கணினி கேட்பது இத்தகைய அறிவிப்புதான். இந்த நல்ல குணம்தான் சில வேளைகளில் வினையாக முடிகிறது.

ஒரு கம்பி செய்யும் கூத்து

மேசைகளை இடம் மாற்றுகிறார்கள். ஒரு கம்பியின் முனை தரையில் கிடக்கிறது. கூட்டித் துடைக்க வந்தவரோ அக்கறையுள்ள ஓர் ஊழியரோ அதை எடுத்துச் சுவரில் உள்ள துளையில் செருகிவிடுகிறார். அதன் மறுமுனையும் ஏற்கனவே சுவரில்தான் இருக்கிறது. இப்போது சுவிட்சிலிருந்து கிளம்பும் அறிவிப்பு அதே சுவிட்சுக்குத் திரும்பி வருகிறது. சுவிட்ச் அதைப் புதிய அறிவிப்பு என்று எண்ணி மறுபடியும் எல்லாத் துறைகளுக்கும் அனுப்புகிறது. அது மீண்டும் திரும்பி வருகிறது.

ரவுட்டர் வழியாகப் போகும் தரவுக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். பூச்சியமானால் அந்தத் தரவு கழித்துக் கட்டப்படும். ஆனால் சுவிட்சுகளுக்கிடையே சுற்றும் ஈதர்நெட் தரவுக்கு ஆயுள் எண் கிடையாது. யாராவது கம்பியைப் பிடுங்கும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். சில விநாடிகளில் எல்லா வழிகளும் அடைத்துக்கொள்ளும். சுவிட்சில் உள்ள விளக்குகள் அனைத்தும் ஒன்றாக வெறிபிடித்ததுபோல் மின்னும். அந்தக் கம்பியைக் கழற்றியதும் சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் நூறு கம்பிகளில் அந்த ஒரு கம்பி எது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் வேலை போய்விடுவதுண்டு.

இதற்கு 1985இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் ஒரு தீர்வைக் கண்டார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். சுழற்சி ஏற்படக்கூடிய வழியைத் தாமே மூடி வைக்கும். திறந்திருக்கும் வழி அறுந்துபோனால் மூடியதைத் திறந்துவிடும். ஸ்பேனிங் ட்ரீ எனப்படும் இந்த ஏற்பாடு இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. மேலாண்மை வசதி உள்ள சுவிட்சுகளில் இது இருக்கும். மலிவான சிறிய சுவிட்சுகள் பலவற்றில் இருக்காது. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பாஸ்டனில் என்ன நடந்தது?

அந்த மருத்துவமனையில் இந்தப் பாதுகாப்பு இருந்தது. இருந்தும் அது கைகொடுக்கவில்லை. ஸ்பேனிங் ட்ரீ முறையின் வழக்கமான கால அளவுகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பாதையில் ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இருக்காது என்ற கணக்கில் அமைந்தவை. 1996இல் இரண்டு மருத்துவமனைகள் ஒன்றாக இணைந்து உருவான அந்த நிலையத்தில், சுவிட்சின் பின்னால் சுவிட்ச் என்று நீண்டுகொண்டே போய் ஒரு பகுதி அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை.

ஓர் ஆய்வாளரின் மென்பொருள் பெருமளவு தரவை வலையமைப்பில் கொட்டியபோது, சுவிட்சுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்திகள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மூடியிருக்க வேண்டிய வழிகள் திறந்துகொண்டன. சுழற்சி தொடங்கியது. சிஸ்கோ நிறுவனத்தின் பொறியாளர்கள் விரைந்து வந்து, ஒரே பரப்பாகக் கிடந்த வலையமைப்பை ரவுட்டர்கள் கொண்டு பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் தீப்பற்றினால் அடுத்த பகுதிக்குப் பரவாதபடி சுவர் எழுப்புவது போன்ற வேலை அது. மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலம்கா இந்த அனுபவத்தை மறைக்காமல் வெளியுலகுக்குச் சொன்னார். அதனால்தான் மற்றவர்களும் பாடம் படிக்க முடிந்தது.

எண்ணிக்கையில் தொடங்க வேண்டும்

வலையமைப்பைத் திட்டமிடுபவர் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளும் பென்சிலும் எடுக்க வேண்டும். இரண்டு மாடிக் கடைவீட்டில் இயங்கும் ஒரு கணக்காய்வு அலுவலகத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

கீழ்மாடியில் 5 கணினிகள், 1 அச்சுப்பொறி, 2 கேமராக்கள், 1 வைஃபை முனையம். மொத்தம் 9 துறைகள். மேல்மாடியில் 9 கணினிகள், 1 அச்சுப்பொறி, கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி 1, கேமராப் பதிவுக் கருவி 1, கேமராக்கள் 2, வைஃபை முனையம் 1. மொத்தம் 15 துறைகள்.

மேல்மாடிச் சுவிட்சிலிருந்து ரவுட்டருக்கு ஒரு கம்பி, கீழ்மாடிச் சுவிட்சுக்கு ஒரு கம்பி. ஆக மேலே 17 துறைகள் தேவை. 24 துறை சுவிட்ச் வாங்கினால் 7 மீதமிருக்கும். கீழே மேல்மாடிக்குப் போகும் கம்பியோடு சேர்த்து 10 தேவை. 16 துறை சுவிட்ச் வாங்கினால் 6 மீதமிருக்கும். தேவைக்கு மேல் கால்பங்காவது மீதம் வைப்பது நல்லது. மீதம் இல்லாத இடத்தில்தான் மேசைக்கு அடியில் குட்டிச் சுவிட்சுகள் முளைக்கும்.

எல்லாக் கம்பிகளும் அந்தந்த மாடியின் சுவிட்சுக்கு நேராக வர வேண்டும். ஒன்றின் வாலில் இன்னொன்றாகச் சுவிட்சுகளைத் தொடுத்துக்கொண்டு போகக் கூடாது. நடுவில் ஒன்று நின்றால் அதன் பின்னால் உள்ள அத்தனையும் நின்றுவிடும்.

கேமராவும் வைஃபை முனையமும் கம்பி வழியாகவே மின்சாரம் பெறக்கூடியவை. இதற்கான தரம் 2003இல் வந்தது. அதன்படி சுவிட்சின் ஒரு துறை 15.4 வாட் வரை கொடுக்கலாம். ஆனால் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரு சுவிட்ச் கொடுக்கும் மொத்த மின்சாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கருவிகளின் பெட்டியில் எழுதியிருக்கும் வாட் அளவுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேகமும் கம்பியும்

இணைய வேகம் வேறு, உள்ளக வேகம் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1 ஜிகாபைட் கோப்பு என்பது 8 ஜிகாபிட். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள பழைய சுவிட்சில் அதை நகலெடுக்க 80 விநாடிகளாவது ஆகும். 1 ஜிகாபிட் சுவிட்சில் 8 விநாடிகளில் முடியக்கூடும். இணையத்துக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் இந்த 80 விநாடி குறையாது. ஏனென்றால் அந்தக் கோப்பு ரவுட்டரைத் தாண்டிப் போவதே இல்லை.

இரு மாடிகளுக்கும் இடையே உள்ள ஒரே கம்பியைக் கீழ்மாடியார் அனைவரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் மேலே உள்ள பெட்டியிலிருந்து கோப்பு எடுத்தால், 1 ஜிகாபிட் வழியில் ஆளுக்கு 200 மெகாபிட்தான் கிடைக்கும். ஒருவேளை அங்கே 100 மெகாபிட் சுவிட்ச் இருந்தால் ஆளுக்கு 20 மட்டுமே.

செம்புக் கம்பி 100 மீட்டர் வரைதான் தாங்கும். கேட் 5இ வகை 1 ஜிகாபிட்டுக்குப் போதும். புதிதாகச் சுவரை உடைத்துக் கம்பி போடுவதானால் கேட் 6 போடுவது அறிவுடைமை. கம்பியை மாற்றுவது சுவிட்சை மாற்றுவதைவிடக் கடினம். ஒரு கம்பிக்குள் நான்கு இணைகள் உள்ளன. ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஆகவே ஓர் இணை அறுந்திருந்தால் சில நேரம் இணைப்பு நிற்காமல் சத்தமின்றி மெதுவாகிவிடும். கணினி மெதுவாக இருக்கிறது என்று புதிய கணினி வாங்குவதற்கு முன் கம்பியைச் சோதிக்க வேண்டும்.

மின்கம்பிகளோடு ஒட்டி வலையமைப்புக் கம்பியை இழுக்கக் கூடாது. இரு கட்டடங்களை இணைப்பதென்றால் செம்பு வேண்டாம். இடி மின்னல் மிகுந்த மலேசியாவில் கண்ணாடி இழைக் கம்பிதான் பாதுகாப்பு. அது மின்சாரத்தைக் கடத்தாது.

முகவரிகளை ஒழுங்குபடுத்துதல்

ரவுட்டரின் பார்வையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. அலுவலகங்களுக்குள் மட்டும் பயன்படுத்த 1996இல் சில முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குபவை அவற்றில் ஒன்று. 192.168.10.1 முதல் 192.168.10.254 வரை 254 கருவிகளுக்கு இடம் உண்டு.

ரவுட்டருக்கு 1, சுவிட்சுகளுக்கு 2 முதல் 9 வரை, அச்சுப்பொறிக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் 10 முதல் 49 வரை நிலையான எண்கள், ஊழியர்களின் கணினிகளுக்கு 100 முதல் 200 வரை தானாக வழங்கப்படும் எண்கள் என்று பிரித்து எழுதி வைத்துக்கொள்ளலாம். அச்சுப்பொறியின் எண்ணைத் தானியங்கி வரிசைக்குள் வைத்துவிட்டால் ஒரு நாள் அதே எண் ஒரு கணினிக்கும் போய்விடும். அன்றைக்கு அச்சும் வராது, காரணமும் புரியாது.

இதைவிட மோசமான தொல்லை ஒன்று உண்டு. வைஃபை எட்டவில்லை என்று யாரோ ஒரு வீட்டு ரவுட்டரை வாங்கி வந்து சுவரில் செருகுகிறார். அந்த ரவுட்டரும் முகவரி வழங்கும் வேலையைத் தன் பாட்டுக்குத் தொடங்கிவிடுகிறது. இப்போது ஓர் அலுவலகத்தில் இரண்டு முகவரி வழங்குநர்கள். பாதிப் பேருக்கு இணையம் கிடைக்கிறது, மீதிப் பேருக்கு இல்லை. கணினியை அணைத்துப் போட்டால் ஆள் மாறுகிறது. வைஃபைக்காகத்தான் என்றால் அந்தக் கருவியை வைஃபை முனையமாக மட்டும் இயங்கும்படி மாற்றி, அதன் முகவரி வழங்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும்.

ஒரே வீட்டில் தனித்தனி அறைகள்

2017 மே 12ஆம் நாள் வான்னாகிரை என்ற கோப்புப் பூட்டி உலகைக் கலக்கியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகள் முடங்கின. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் வசதியில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. ஒரு கணினி பிடிபட்டதும் அதே வலையமைப்பில் உள்ள மற்றவற்றைத் தானே தேடிப் பிடித்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

வாடிக்கையாளர் வந்து காத்திருக்கும்போது வைஃபை கேட்கிறார். கொடுக்கிறார்கள். அவருடைய கைத்தொலைபேசியும் சம்பளப் பட்டியல் இருக்கும் பெட்டியும் ஒரே வலையமைப்பில் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. இதற்குத்தான் வி-லான் என்ற முறை வந்தது. ஒரே சுவிட்சுக்குள் பல தனி வலையமைப்புகளை உருவாக்கலாம். 1998இல் தரப்படுத்தப்பட்ட இம்முறையில் ஒவ்வொரு தரவின் மீதும் 4 பைட் நீளமுள்ள ஒரு முத்திரை இடப்படுகிறது. எந்த அறைக்கு உரியது என்பதை அந்த முத்திரையே சொல்லும்.

மேற்சொன்ன கணக்காய்வு அலுவலகத்துக்கு மூன்று அறைகள் போதும். ஊழியர்கள், அச்சுப்பொறிகள், சேமிப்புப் பெட்டி ஆகியவை 192.168.10 என்ற அறையில். கேமராக்களும் பதிவுக் கருவியும் 192.168.20 என்ற அறையில். விருந்தினர் வைஃபை 192.168.30 என்ற அறையில். ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ரவுட்டரின் வழியாகத்தான் போக முடியும். விருந்தினருக்கு இணையம் மட்டும். கேமராவுக்குப் பதிவுக் கருவி மட்டும். ஊழியரில் யார் கேமராவைப் பார்க்கலாம் என்பதையும் ரவுட்டரில் விதியாக எழுதலாம். பொது அறிவிப்பும் தன் அறையைத் தாண்டாது. பாஸ்டனில் பெரிய அளவில் செய்த அதே வேலைதான் இங்கே சிறிய அளவில் நடக்கிறது.

இணைய நிறுவனம் தரும் வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதி முழுமையாக இருக்காது. குத்தகையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் தகவலைக் காக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீதே சுமத்துகிறது. சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் முதல் தரவு மீறல்களை ஆணையரிடம் அறிவிக்கும் கடமையும் சேர்ந்திருக்கிறது. 'வயர் போட்டவர் அப்படிப் போட்டுவிட்டார்' என்பது பதிலாகாது.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் குத்தகையாளரிடம் மூன்று தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்ற வரைபடம் ஒன்று. முகவரிப் பட்டியல் இரண்டாவது. ரவுட்டர், சுவிட்ச் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் மூன்றாவது. தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்க வேண்டும். கம்பிகளின் இரு முனைகளிலும் எண் ஒட்டியிருக்க வேண்டும். குத்தகையாளர் ஊரை விட்டுப் போய்விட்டால் அலுவலகம் அநாதையாகக் கூடாது.

இன்னும் ஒன்று. மின்சாரம் நின்றால் கணினி அணைந்து, மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ரவுட்டரும் சுவிட்சும் அணைந்திருந்தால் என்ன பயன்? ஒரு சிறிய யுபிஎஸ் அவற்றுக்கும் வேண்டும். சேமிப்புப் பெட்டியின் நகல் ஒன்று வலையமைப்போடு தொடர்பில்லாத இடத்தில் இருக்க வேண்டும்.

வேலை ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். குத்தகையாளர் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு கம்பியின் இரு முனைகளையும் சுவரில் உள்ள இரு துளைகளில் செருகச் சொல்லலாம். சரியாக அமைத்த சுவிட்ச் அந்தத் துறையை மூடிவிடும், அலுவலகம் தொடர்ந்து இயங்கும். இயங்காவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.